லோக் கேட்ரின் ஏரிக்கரையில் ஒரு சைக்கிள் சுற்று: முழுமையான வழிகாட்டி

கிளாஸ்கோ நகரில் ஒரு குழாயைத் திறந்து சைக்கிள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வடக்கே மலைகளுக்கு நடுவே கிடக்கும் லோக் கேட்ரின் ஏரியிலிருந்து வந்ததாக இருக்கும். ‘லோக்’ என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஏரி. 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியின் வடகரையை ஒட்டி ஏறக்குறைய 21 கிலோமீட்டருக்கு ஒரு தார்ச் சாலை வளைந்து வளைந்து போகிறது. அது குடிநீர்த் துறையின் தனிச்சாலை. வெளியார் கார்களுக்கு அங்கே இடமில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தடையில்லை. ஒரு பெருநகரத்தின் தாகம்தான் இந்தச் சாலையை நமக்கு அமைதியாக வைத்திருக்கிறது. இந்தச் சுற்றை நான் திரும்பத் திரும்பப் போய்வரக் காரணமே அதுதான். வழி நெடுகத் தண்ணீரின் கதையைத் தெரிந்துகொண்டு மிதித்தால் காட்சி இரண்டு மடங்காகும். அதனால் எங்கே திரும்புவது என்பதோடு எங்கே நிற்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுற்று இதுதான்: அபர்ஃபாய்ல் என்ற சிற்றூரில் தொடங்கி, காட்டுக்குள் சரளைப் பாதையில் மூன்று சிறு ஏரிகளைத் தொட்டு, டிரோசாக்ஸ் படகுத்துறைக்கு வந்து, கேட்ரினின் வடகரை முழுவதையும் கடந்து ஸ்ட்ரோனக்லாக்கரை அடைந்து, லோக் கோன், லோக் ஆர்டு வழியாக மீண்டும் அபர்ஃபாய்ல். மொத்தம் ஏறக்குறைய 57 கிலோமீட்டர். இன்வர்ஸ்னெய்டு என்ற கிளைவழியையும் சேர்த்தால் 70ஐ எட்டும். பழகியவர்கள் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நான் ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்வேன்.

திசையை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் படகில் சைக்கிளை ஏற்றி ஸ்ட்ரோனக்லாக்கருக்குப் போய், அங்கிருந்து கரையோரமாகப் படகுத்துறைக்குத் திரும்புகிறார்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. பருவ காலத்தில் படகு உண்டு. சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். கால்களில் தெம்பு இருப்பவர்கள் முழுச் சுற்றையே எடுக்கலாம். எடுத்தால் நான் சொன்ன திசையிலேயே எடுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். வடகரையில் மேற்கு நோக்கிப் போகும்போது அது முகத்தில் அறையும். ஆனால் அப்போது கால்களில் வலு இருக்கும், மலைகளும் மரங்களும் ஓரளவு மறைக்கும். களைத்துத் திரும்பும் கடைசி 18 கிலோமீட்டரில் அதே காற்று முதுகைத் தள்ளும், சாலையும் மொத்தத்தில் இறக்கமாகவே இருக்கும். எதிர்த்திசையில் போனவர்கள் கடைசியில் டியூக்ஸ் கணவாய் என்ற மலைச்சாலையில் ஏறும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வார்கள்.

காட்டுப் பாதையில் கார்கள் ஒருவழியாகத்தான் போகலாம் என்பது இன்னொரு காரணம். நாம் போகும் திசையும் அதுவேதான்.

எப்போது போவது

என் தேர்வு மே மாதத்தின் முதல் பாதி அல்லது செப்டம்பரின் பிற்பாதி. மே மாதத்தில் பிர்ச் மரங்கள் தளிர்விட்டிருக்கும், பகலும் நீளம். செப்டம்பர் முடிவில் பெரணிகள் செம்பு நிறமாகி மலைச்சரிவே துரு ஏறியதுபோல் தெரியும். ஜூனில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உண்டு. ஆனால் மிட்ஜ் என்ற கடிபூச்சியும் உண்டு.

மிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கொசுவோடு ஒப்பிட்டால் இது ஒரு புள்ளி. தனியாக வந்தால் கண்ணுக்கே தெரியாது. கூட்டமாக வந்தால் முகத்துக்கு முன்னால் சாம்பல் நிறப் புகை நிற்பதுபோல் இருக்கும். காற்றில்லாத, மூட்டமான காலையிலும் அந்தியிலும் ஏரியோர நிழலில்தான் அதன் ஆட்சி. ஓடும் சைக்கிளை அதனால் பிடிக்க முடியாது. மெல்லிய காற்று அடித்தாலும் அடங்கிவிடும். ஆகவே பஞ்சர் ஆனால் மர நிழலில் நின்று ஒட்டாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காற்று வீசும் ஒரு திருப்பத்துக்குப் போங்கள். நான் ஒருமுறை லோக் டிரங்கி அருகே நின்ற இடத்திலேயே டியூப் மாற்றினேன். பத்து நிமிட வேலை அரை மணி நேரம் ஆனது, இரண்டு கைகளும் வீங்கிவிட்டன. தலைக்கு மாட்டும் மெல்லிய வலை உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரணிப் புதர்களில் உண்ணிகளும் உண்டு. அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை. அன்று இரவு முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சைக்கிள், டயர், பை

இந்தச் சுற்றில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் சரளை, மீதி தார். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் வேண்டாம். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் மிகப் பொருத்தம். 40 மில்லிமீட்டருக்கு 40 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்துத் தொடங்கி, உங்கள் எடைக்கும் சுமைக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். டயரைக் கல்லாக இறுக்கினால் சரளையில் கைகள் அதிர்ந்து மரத்துப்போகும். வடகரையில் நீண்ட மலையேற்றம் கிடையாது. குட்டிக் குட்டியாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். எனவே மலையேற உதவும் சிறிய கியர் கட்டாயம் இருக்க வேண்டும். புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். ஈரச் சரளையில் ஒரே நாளில் அவை தேய்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

பையில் மழை அங்கி, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு டியூப், பம்ப், விளக்குகள், நல்ல மதியச் சாப்பாடு. படகுத்துறைக்கும் ஸ்ட்ரோனக்லாக்கருக்கும் இடையில் கடை என்று எதுவும் இல்லை. கைபேசி சிக்னலும் பல இடங்களில் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் இடப்புறம் செல்வது நம் ஊர் வழக்கம்தான் என்பதால் இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு அதில் குழப்பம் இராது.

அபர்ஃபாய்ல் வரை

இங்கே ரயில் இல்லை. காரில் வந்து ஊர் நடுவே உள்ள நிறுத்துமிடத்தில் விடலாம். கார் இல்லையென்றால் கிளாஸ்கோவிலிருந்து பாலோக் வரை ரயிலில் வாருங்கள். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பாலோக்கிலிருந்து டிரைமன் வழியாக தேசிய சைக்கிள் வழி எண் 7 அபர்ஃபாய்லுக்கு வருகிறது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் 7 என்று எழுதியிருக்கும். 30 முதல் 35 கிலோமீட்டர் ஆகும். அப்படி வருபவர்கள் முதல் இரவு அபர்ஃபாய்லில் தங்கி, மறுநாள் காலை சுற்றைத் தொடங்குவதே சரி. ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தால் வடகரையில் நின்று பார்க்க நேரம் மிஞ்சாது.

படி 1: ஏற்றமும் காடும் (ஏறக்குறைய 18 கி.மீ.)

ஊரின் மேற்கு முனையில் ஏ821 சாலை வலப்புறம் திரும்பி உடனே மலை ஏறத் தொடங்குகிறது. இதுதான் டியூக்ஸ் கணவாய். மான்ட்ரோஸ் பிரபு 19ஆம் நூற்றாண்டில் போட்ட சாலை. உடம்பு சூடாகும் முன்பே ஏற்றம் வந்துவிடுவதால் முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக மிதியுங்கள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விரும்பி வரும் சாலை இது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தவிர்ப்பது நல்லது. வாகனங்களோடு ஏற விருப்பமில்லாதவர்கள் 7ஆம் எண் பலகைகளைப் பின்பற்றி, வனத்துறையின் பார்வையாளர் மையத்தை ஒட்டிக் காட்டுக்குள்ளேயே ஏறலாம். அது இன்னும் செங்குத்து. சில இடங்களில் தள்ளித்தான் ஆக வேண்டும்.

கணவாயின் உச்சியைத் தாண்டியதும் வலப்புறம் ‘மூன்று ஏரிகள் காட்டுச் சாலை’க்குப் பலகை வரும். 11 கிலோமீட்டர் சரளை. மார்ச் முதல் அக்டோபர் வரை கார்களும் வரும். ஆனால் மெதுவாக, ஒரே திசையில். முதலில் லோக்கன் ரியோட்டியா என்ற குட்டி ஏரி, பிறகு லோக் டிரங்கி, கடைசியில் லோக் ஆக்ரே. இறக்கத்தில் இரு பக்கச் சக்கரத் தடங்களில் ஏதாவது ஒன்றிலேயே சைக்கிளை வைத்திருங்கள். நடுவில் குவிந்து கிடக்கும் தளர்ந்த சரளையில் முன்சக்கரம் ஏறினால் வழுக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், திருப்பத்துக்குள் முன்பிரேக்கைப் பிடிக்காதீர்கள். வழி எண் 7 நடுவே பிரிந்து லோக் வெனகர் கரை வழியாகக் கலண்டர் ஊருக்குப் போகும். அதைப் பின்தொடர்ந்து போய்விடாமல் கவனியுங்கள்.

காட்டுச் சாலை மறுபடியும் ஏ821இல் வந்து சேரும். லோக் ஆக்ரேயின் மேற்கு முனை வரை போனால், லோக் கேட்ரினுக்கு இடப்புறம் திரும்பும் பலகை தெரியும். கோட்டையைப்போல் கூரான கோபுரங்களோடு மரங்களுக்கு மேல் நிற்கும் பழைய ஓட்டல் கட்டடமும் அருகிலேயே கண்ணில் படும். அங்கிருந்து படகுத்துறை மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

படி 2: டிரோசாக்ஸ் படகுத்துறை

கழிப்பறை, தேநீர், வாடகை சைக்கிள் எல்லாம் இங்கே உண்டு. பாட்டில்களை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

துறையில் நிற்கும் நீராவிக் கப்பலின் பெயர் ‘சர் வால்டர் ஸ்காட்’. அந்த எழுத்தாளர் 1810இல் வெளியிட்ட ஒரு நெடுங்கவிதை இந்த ஏரியைக் களமாகக் கொண்டது. அதைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியதுதான் இங்கே சுற்றுலாவின் பிறப்பு. கப்பல் 1899இல் வந்தது. டம்பார்ட்டனில் கட்டி, துண்டு துண்டாகப் பிரித்து, லோக் லோமண்டு ஏரியில் படகில் இன்வர்ஸ்னெய்டு வரை கொண்டுவந்து, அங்கிருந்து குதிரை வண்டிகளில் மலையேற்றி, ஸ்ட்ரோனக்லாக்கரில் மீண்டும் இணைத்தார்கள். மதியம் அந்த மேட்டை உங்கள் கால்களால் ஏறினால், குதிரைகள் பட்ட பாடு விளங்கும்.

படி 3: வடகரை (ஏறக்குறைய 21 கி.மீ.)

இதற்காகத்தான் வந்திருக்கிறோம். படகுத்துறையை ஒட்டிய வாயிலைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிடும். இடப்புறம் கைநீட்டும் தூரத்தில் தண்ணீர்; எதிர்க்கரையில் 729 மீட்டர் உயரமுள்ள பென் வென்யூ மலை ஏரிக்குள் நேராக இறங்குகிறது. முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓக் மரங்களின் கூரைக்குக் கீழே, ஏறக்குறைய சமதளம். நடைபயில்பவர்கள் அதிகம் இருப்பதும் இந்தப் பகுதியில்தான். மணி அடித்து, வேகம் குறைத்துத் தாண்டுங்கள். தண்ணீருக்கு நடுவே அடர்ந்த மரங்களோடு தெரியும் சிறு தீவு எலனின் தீவு. ஸ்காட்டின் கதாநாயகி பெயரால் வழங்குகிறது.

அதன் பிறகு சாலை கரையைவிட்டு விலகி ஏறத் தொடங்கும். ஏறும், இறங்கும், ஓர் ஓடைப் பாலம் வரும், மறுபடி ஏறும். இதே தாளத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஏற்றமும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இறக்கத்தின் வேகத்தை நம்பி அடுத்ததில் பாய முடியாது, ஏனென்றால் அடிவாரத்தில் பெரும்பாலும் ஒரு திருப்பம் இருக்கும். கார்கள் அறவே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. குடிநீர்த் துறை வண்டிகளும் இங்கே குடியிருப்பவர்களின் வண்டிகளும் வரும். பார்க்க முடியாத திருப்பங்களில் இடப்புறமே செல்லுங்கள்.

சாலைக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி அதன்மேல் இரும்புக் குழாய்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். கால்நடைகள் தாண்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வடகரையிலும் பிறகு வரும் பி829 சாலையிலும் இதைப் பார்ப்பீர்கள். மழையில் அந்தக் குழாய்கள் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். தாண்டும் முறை இது: சில அடி முன்பே பிரேக்கை விட்டுவிடுங்கள், கைப்பிடியை நேராக வைத்து, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, மிதிக்காமல் உருளவிடுங்கள். சாய்வாக ஏறினாலோ நடுவில் பிரேக் பிடித்தாலோ சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். எனக்கு ஒரு தூறல் நாளில் அப்படிப் போய், முழங்கையின் தோல் உரிந்தது. வேகத்தில் நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சிறு கதவைத் திறந்து தள்ளிக்கொண்டு போங்கள். கதவை மறக்காமல் மூடுங்கள்.

பாதி தூரத்தில் ஸ்ட்ரோன் அருகே நின்று சாப்பிடலாம். சுற்றிலும் இளம் பிர்ச்சும் ஓக்கும் எழுந்து வருவதைக் கவனியுங்கள். தண்ணீரின் தூய்மைக்காக ஆட்டு மந்தைகளை இந்தச் சரிவுகளிலிருந்து விலக்கிய பிறகு நாட்டு மரங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மந்தை போன இடத்தில் மரம் வந்திருக்கிறது. அதே காரணத்தால் நாமும் எச்சில் பாத்திரத்தை ஏரியில் கழுவக் கூடாது, குப்பையை விடக் கூடாது.

இன்னும் சில கிலோமீட்டரில் போர்ட்னெலன். இங்கே கட்டாயம் நிற்க வேண்டும். கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் குறுகிய கல்வழி. அதன் முனையில் சிறு மதில் சூழ்ந்த இடுகாடு. மக்ரெகர் குலத்தாருடையது. நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க அணை கட்டி ஏரியின் மட்டத்தை உயர்த்தியபோது, கல்லறைகள் மூழ்காமல் இருக்க அந்த இடத்தையும் உயர்த்திக் கட்டினார்கள். கரையோர வயல்களும் பழைய பாதையும் தண்ணீருக்குள் போயின. மூன்று பக்கமும் அலை மோத, பாசி படர்ந்த கற்கள். சைக்கிளைச் சாலையிலேயே சாய்த்துவிட்டு நடந்து போங்கள்.

அடுத்து கிளென்கைல், ஏரியின் தலைமாடு. இதே மக்ரெகர் குலத்தின் ராப் ராய் 1671இல் இங்கே பிறந்தார். மாட்டு வியாபாரி, கடனில் விழுந்து அந்நாளைய மான்ட்ரோஸ் பிரபுவோடு பகை மூண்டு, தலைமறைவாகி, நாட்டார் கதைகளின் நாயகன் ஆனவர். சாலை இங்கே ஏரியின் முனையைச் சுற்றித் திரும்பித் தென்கரைக்கு வரும். அதுவரை முகத்தில் அறைந்த காற்று சட்டென்று முதுகுக்கு மாறும். தார் சில இடங்களில் பெயர்ந்திருக்கக்கூடும். காற்றின் உதவியில் விரைந்துவிடாதீர்கள். கடைசி மேட்டை ஏறி இறங்கினால் ஸ்ட்ரோனக்லாக்கர்.

படி 4: ஸ்ட்ரோனக்லாக்கரும் ஒரு கிளைவழியும்

படகுத்துறைத் தேநீர்க் கடையில் சூப்பும் கேக்கும் கிடைக்கும். பருவத்துக்கு வெளியே வருபவர்கள் திறந்திருக்கும் நாள்களை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்கு எதிரே நீரில் தெரியும் சிறு தீவில்தான், பிரபுவுக்காக வாடகை வசூலித்த அதிகாரியை ராப் ராய் பிடித்து வைத்திருந்தார்.

கிளாஸ்கோவின் தண்ணீர் புறப்படுவதும் இங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில்தான். 1848-49இலும் 1853-54இலும் காலரா அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பொறியாளர் ஜான் ஃபிரெடெரிக் பேட்மன் வகுத்த திட்டத்தின்படி மலைகளைக் குடைந்தும் ஓடைகளுக்கு மேல் பாலம் போட்டும் 42 கிலோமீட்டர் நீள வாய்க்கால் அமைத்தார்கள். பம்ப் ஏதும் கிடையாது. தண்ணீர் தன் பாரத்தாலேயே மெல்லச் சரிந்து நகரம் வரை ஓடுகிறது. 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி வந்து திறந்துவைத்தார்.

கால்களில் இன்னும் தெம்பிருந்தால், ஸ்ட்ரோனக்லாக்கருக்கு மேலே ஒரு கிலோமீட்டரில் வரும் சந்திப்பில் வலப்புறம் திரும்பி இன்வர்ஸ்னெய்டு போகலாம். 6 கிலோமீட்டர் போக, அதே அளவு வர. லோக் ஆர்க்லெட் ஏரியின் கரையில் திறந்தவெளி. எதிரே ஆரோக்கர் மலைகளின் முறிந்த சிகரங்கள். இந்த ஏரியின் நீர் இயற்கையில் மேற்கே லோக் லோமண்டுக்கு ஓடியது. அணை கட்டி அதைக் கிழக்கே கேட்ரினுக்குத் திருப்பிவிட்டார்கள். முடிவில் சாலை சட்டென்று அருவிக்கும் லோமண்டு கரைக்கும் இறங்குகிறது. திரும்பி ஏறத்தான் வேண்டும். மணி மூன்றைத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 5: தண்ணீரோடு கீழே (ஏறக்குறைய 18 கி.மீ.)

சந்திப்பில் இடப்புறம் திரும்பினால் அபர்ஃபாய்ல் செல்லும் பி829. ஒற்றை வண்டி அகலச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென விட்ட இடங்களில் ஒதுங்குங்கள். மரம் ஏற்றிய லாரிகளும் வரும். மலைச்சரிவில் வரிசையாகத் தெரியும் பழைய கற்கூம்புகள், உள்ளே ஓடும் சுரங்க வாய்க்காலின் காற்றுத் துளைகள். பாட்டிலில் நிரப்பி வந்த அந்தத் தண்ணீர் உங்கள் காலடியில், நீங்கள் போகும் திசையிலேயே கிளாஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் ஒருமுறை நிறுத்தி அந்தக் கூம்புகளை எண்ணிப் பாருங்கள்.

லோக் கோன் கரையில் தேசியப் பூங்காவின் முகாம் இடம் இருக்கிறது. இரண்டு நாளாகப் பிரித்துப் போக நினைப்பவர்களுக்கு இது வசதி. மார்ச் முதல் செப்டம்பர் வரை இந்தப் பகுதியின் பல ஏரிக்கரைகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாரம் போடக் கூடாது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

லோக் ஆர்டு கடைசி ஏரி. காற்று அடங்கிய மாலையில் மேற்கே பென் லோமண்டு மலையின் நிழலுரு முழுதாகத் தண்ணீரில் விழுந்து கிடக்கும். சாலை இங்கே கரையை ஒட்டி மிகக் குறுகி, பாறைத் திருப்பங்களாக நெளிகிறது. ஊர்க்காரர்கள் வேலை முடிந்து வேகமாகத் திரும்பும் நேரமும் அதுவே. முன்னும் பின்னும் விளக்கை எரியவிடுங்கள், இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போகாதீர்கள். மில்டன் என்ற குடியிருப்பைத் தாண்டினால் அபர்ஃபாய்ல் வந்துவிடும். கார் எடுத்துப் புறப்படும் முன் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். காட்டுச் சரளையின் நுண்மணல் அதற்குள் இருக்கும்.